மிளகுக்கு ஒரு நோட்டு



ஒரு மாதத்துக்கு மேலாக நான் இந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. பொங்கல் வாழ்த்து அனுப்பியவர்களுக்குக்கூடப் பதில் போடவில்லை. "டீச்சருக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். கரூர் நாத்தனார் என் மகளுக்கே போன் போட்டு விசாரித்துவிட்டார். நான் நன்றாக இருக்கிறேன். மிச்சிகனில் மகள் வீட்டில்தான் இருக்கிறேன். இங்கே ஒருவருக்கு ஆபரேஷன். பகல் முழுக்க வீட்டில் இருப்பது நான் ஒருத்திதான் என்பதால் நர்ஸ் வேலை எனக்கு வந்தது.

நோயாளியின் எடை 720 கிராம்.

சிரிக்காதீர்கள். ஃபெரெட் என்று ஒரு பிராணி. என் பேத்தி வளர்ப்பது. பார்த்தால் நம்மூர்க் கீரிப்பிள்ளை மாதிரி இருக்கும். ஆனால் கீரிக்குச் சொந்தமில்லை, நீர்நாய்க்குத்தான் பங்காளி. நீள உடம்பு, குட்டைக் கால், மூக்கு மட்டும் ஈரமாக. ஒரு நாளில் 14 மணி நேரத்துக்கு மேல் தூங்கும். விழித்திருக்கிற கொஞ்ச நேரத்தில் வீட்டையே இரண்டாக்கிவிடும். மாப்பிள்ளையின் சாக்ஸ் எல்லாம் சோபாவுக்கு அடியில்தான் இருக்கும். பேத்தி வைத்த பெயர் பெப்பர். எனக்கு வாயில் வருவது மிளகு. இரண்டுக்கும் அது திரும்பிப் பார்க்காது என்பதால் சண்டை இல்லை.

நான் வந்த புதிதில் அதைத் தொடவே மாட்டேன். "பெருச்சாளியை யாராவது மடியில் வைத்துக் கொஞ்சுவார்களா?" என்று மகளிடம் சொல்லியிருக்கிறேன். அதையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் அவள் கமெண்டில் வந்து எழுதுவாள்.

தீபாவளி கழிந்த சமயம், மிளகின் வால் நுனியில் முடி கொட்ட ஆரம்பித்தது. குளிர்காலத்துக்கு முன் முடி மாறும், அதுதான் என்று மகள் சொன்னாள். டிசம்பரில் வால் எலி வால் மாதிரி ஆகிவிட்டது. இடுப்பில் இரண்டு பக்கமும் ஒரே அளவாக வழுக்கை. ராத்திரியெல்லாம் சொறிந்துகொண்டே இருந்தது. கருத்தடை செய்த பெண் பிராணி, ஆனாலும் பிறப்புறுப்பு வீங்கியிருந்தது. இருபக்கமும் சமமாக முடி கொட்டினால் அது தோல் வியாதியாக இருக்காதே, ஹார்மோனாக இருக்குமோ என்று எனக்குத் தோன்றியது. "டாக்டரிடம் காட்டு" என்று நான்தான் சொன்னேன்.

ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். இடது அட்ரினல் சுரப்பி வீங்கியிருந்தது.

பிள்ளைகளே, அட்ரினல் சுரப்பி ஞாபகம் இருக்கிறதா? நாளமில்லாச் சுரப்பிகள் பாடம். சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல் உட்கார்ந்திருக்கும். இரண்டு மதிப்பெண் கேள்வி. ஆபத்து நேரத்தில் அட்ரினலின் சுரக்கும், இதயம் வேகமாகத் துடிக்கும், சண்டை போடு அல்லது ஓடு. நாய் துரத்துகிற உதாரணத்தை வகுப்பில் ஓடியே காட்டுவேன். 31 வருஷம் அதையே நடத்தினேன். ஆனால் அட்ரினலின் வருவது அந்தச் சுரப்பியின் உள்பகுதியிலிருந்து மட்டும். வெளிப்பகுதியான புறணி, அவசரம் எதுவும் இல்லாத நாளிலும் உப்பு, சர்க்கரை, வீக்கம் என்று உடம்பின் அன்றாடக் கணக்கைப் பார்த்துக்கொண்டே இருக்கும். அதை "கார்டிசால், ஆல்டோஸ்டிரோன், எழுதிக்கோங்க" என்று ஒரு வரியில் தாண்டிவிடுவேன். பரீட்சையில் அதிகம் வராது.

மிளகுக்குக் கெட்டுப்போயிருந்தது அந்தப் புறணிதான்.

காரணம் கேட்டபோது டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். அமெரிக்காவில் விற்கிற ஃபெரெட் பெரும்பாலும் பண்ணையில் பிறந்து, ஆறு வாரக் குட்டியாக இருக்கும்போதே கருத்தடை செய்யப்பட்டுக் கடைக்கு வருகிறது. மிளகின் காதுக்குள் இரண்டு சின்னப் புள்ளிகள் பச்சை குத்தியிருக்கும், அதற்கான அடையாளம் அது. சூலகம் இல்லாததால், "ஹார்மோன் போதும்" என்று மூளைக்குப் பதில் சொல்ல ஆள் இல்லை. பிட்யூட்டரி உத்தரவு அனுப்பிக்கொண்டே இருக்கிறது.

நம் பள்ளிக்கூட பாஷையில் சொல்கிறேன். மேலிடத்திலிருந்து சுற்றறிக்கைமேல் சுற்றறிக்கை வருகிறது. பதில் போட வேண்டிய பணியிடம் காலி. கடைசியில் பக்கத்து அறைக்காரர் அந்த வேலையையும் சேர்த்துச் செய்ய ஆரம்பிக்கிறார். அட்ரினல் புறணி அப்படித்தான் பெண் ஹார்மோனைச் சுரக்க ஆரம்பிக்கிறது, நாளடைவில் வீங்கிக் கட்டியாகிறது. அதற்காகக் கருத்தடையே வேண்டாம் என்றும் சொல்லிவிட முடியாது. பெண் ஃபெரெட் இணை சேராவிட்டால் அதன் பருவம் முடியவே முடியாது. அந்த ஹார்மோன் ஏறி ஏறி, எலும்பு மஜ்ஜையைக் கெடுத்து, ரத்தமில்லாமல் செத்துப்போகும். இப்படி இரண்டு பக்கமும் இடி.

தோலுக்கு அடியில் ஒரு சின்ன மருந்துக் குச்சி வைத்தால், பிட்யூட்டரியின் உத்தரவு பல மாதங்களுக்கு அடங்கும், ஆனால் கட்டி அப்படியே இருக்கலாம் என்றார்கள். ஆபரேஷன் என்றால் கட்டியையே எடுத்துவிடலாம். வலது சுரப்பி உடம்பின் பெரிய ரத்தக் குழாயோடு ஒட்டிக்கொண்டிருக்கும், அதில் கை வைப்பது ஆபத்து. இடது பக்கம் அவ்வளவு சிரமம் இல்லை. மிளகுக்கு நாலரை வயசு, இருதயம் நன்றாக இருக்கிறது. மகளும் மாப்பிள்ளையும் ஆபரேஷன் என்று முடிவு செய்தார்கள். செலவை எழுதினால் சொந்தங்கள் என்னைத் திட்டுவீர்கள், விட்டுவிடுகிறேன்.

ஜனவரி இரண்டாம் வாரம் ஆபரேஷன். மற்ற பிராணிகள் மாதிரி ராத்திரி முழுக்கப் பட்டினி போடக் கூடாது, நாலு மணி நேரம் போதும் என்றார்கள். சாப்பிட்டது மூன்று நாலு மணி நேரத்தில் வெளியே வந்துவிடும் குடல் இதற்கு. வயிற்றைத் திறந்தபோது கணையத்திலும் ஒரு சின்ன முடிச்சு இருந்திருக்கிறது. இன்சுலினை அதிகமாகச் சுரக்கிற கட்டி. இந்த வயசு ஃபெரெட்டுகளில் இரண்டு வியாதியும் சேர்ந்து வருவது சகஜமாம். அதையும் எடுத்துவிட்டார்கள். "கண்ணுக்குத் தெரியாமல் மிச்சம் இருக்கலாம். பசியோடு மட்டும் விட்டுவிடாதீர்கள்" என்று சொல்லி, மறுநாள் சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

துண்டில் சுற்றி மகள் என் கையில் கொடுத்தாள். வயிறு முழுக்க முடி மழித்து, நடுவில் நீளமாக ஒரு தையல் கோடு. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தது, மறுபடி மூடிக்கொண்டது. பேத்தி என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "அம்மாச்சி, நான் ஸ்கூலுக்குப் போனா நீ பாத்துக்குவியா?" என்று கேட்டாள். பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

மூன்று அடுக்குக் கூண்டில் ஏணியையும் ஊஞ்சலையும் கழற்றினோம். இரண்டு வாரம் ஏறவும் குதிக்கவும் கூடாது, தையல் விட்டுப்போகும். கீழ்த்தட்டில் மட்டும் மெத்தென்ற கம்பளித் துணி விரித்து, தாண்டிப்போகச் சிரமமில்லாத தாழ்ந்த தட்டு ஒன்றைக் கழிப்பதற்கு வைத்தோம். வெளியே மைனஸ் 12 டிகிரி, பனி கொட்டிக்கொண்டிருந்தது. கூண்டை என் அறைக்கே கொண்டுவரச் சொன்னேன்.

காலையும் மாலையும் தையலைப் பார்க்க வேண்டும். சிவந்திருக்கிறதா, வீங்கியிருக்கிறதா, நீர் வடிகிறதா? ஈறு ரோஸ் நிறத்தில் இருக்கிறதா, வெளுத்திருக்கிறதா? மலம் கறுப்பாக, தார் மாதிரி போகிறதா? போனால் வயிற்றில் புண், உடனே கூப்பிட வேண்டும். வலி மருந்து, கிருமி மருந்து, இரண்டும் மில்லி அளந்து. நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை சாப்பாடு, ராத்திரியும் சேர்த்து.

சாப்பாடுதான் எனக்குப் பெரிய சோதனை. எங்கள் வீட்டில் முட்டைகூடக் கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். இது சுத்த மாமிசப் பட்சிணி. பருப்பும் சோறும் இதன் குடலுக்கு ஆகாது. மருத்துவமனையில் கொடுத்த டின் உணவோடு, வெங்காயம் பூண்டு சேராத கோழிக் கூழைக் கரைத்து, சுடுதண்ணீரில் கிண்ணத்தை வைத்து வெதுவெதுப்பாக்கி, ஊசி இல்லாத சிரிஞ்சில் எடுத்துக் கொடுக்க வேண்டும். முதல் நாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்தேன். மூன்றாம் நாள் கட்டி இருக்கிறதா என்று விரலால் மசித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெரிய அத்தை இருந்திருந்தால் என்னை அடுப்படிக்குள் விட்டிருக்க மாட்டார்.

கொடுப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. நேராக வாய்க்குள் அடித்தால் புரை ஏறும். கடைவாய் ஓரமாக வைத்துக் கால் மில்லி விட வேண்டும். நக்கி விழுங்கும்வரை காத்திருக்க வேண்டும். அப்புறம் அடுத்த கால் மில்லி. ஒரு வேளைக்கு 10 மில்லி இலக்கு. முதல் வேளையில் 3 மில்லிதான் போயிற்று, அதற்கு முக்கால் மணி நேரம்.

நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்த நம் மாணவன் ஒருவனுக்கு வாட்ஸப்பில், "ஓரளவு சாப்பிடுகிறது" என்று எழுதினேன். அவன் பதில்: "டீச்சர், நான் இந்தப் பிராணியை நேர்ல பாத்ததே இல்ல. உங்க டாக்டர் சொல்றதுதான். ஆனா ஓரளவுன்னு எழுதாதீங்க. எத்தனை மில்லி, எத்தனை மணிக்குன்னு எழுதுங்க. அலகு போடாத விடைக்கு மார்க் இல்லைன்னு நீங்கதான சொல்வீங்க?"

வாயை மூடிக்கொண்டு பேத்தியிடம் ஒரு பழைய நோட்டு வாங்கினேன். கோடு போட்டேன். மணி, எத்தனை மில்லி, மருந்து, சிறுநீர், மலம், ஈறு, தையல், எடை.

மூன்றாம் நாள் ராத்திரி இரண்டு மணி வேளையை நான் தவறவிட்டேன். அலாரம் அடித்திருக்கிறது, நான் அணைத்துவிட்டுத் தூங்கியிருக்கிறேன். அணைத்தது ஞாபகமே இல்லை. ஐந்து மணிக்குத் திடுக்கிட்டு எழுந்து பார்த்தால், மிளகு துணி மாதிரி கிடக்கிறது. பின்னங்கால் இழுபடுகிறது. வாயில் எச்சில். முன்னங்காலால் வாயைப் பிறாண்டுகிறது. கண் திறந்திருக்கிறது, ஆனால் பார்வை இல்லை.

சர்க்கரை இறங்கிவிட்டது. என்ன செய்ய வேண்டும் என்று தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தோம். ஈறில் தேன் தடவு, வாயில் ஊற்றாதே. எனக்குக் கை நடுங்கியது. தேன் பாட்டில் மூடியைத் திறக்க முடியவில்லை. மகளைக் கத்திக் கூப்பிட்டேன். அவள் அவசர மருத்துவமனைக்குப் போன் போட, நான் விரல் நுனியால் தேனை ஈறில் தடவிக்கொண்டே இருந்தேன். ஐந்தாறு நிமிஷம் இருக்கும், நாக்கு அசைந்தது. என் விரலை நக்கியது. தலை தூக்கியதும் கூழ் கொடுக்கச் சொன்னார்கள், கொடுத்தேன். 4 மில்லி. பனியில் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனோம். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், தேன் கொடுத்த பிறகும் சர்க்கரை குறைவுதான். பகல் முழுக்க வைத்துப் பார்த்துவிட்டு, பிரெட்னிசோலோன் மருந்து சேர்த்துச் சாயங்காலம் அனுப்பினார்கள்.

யாரும் என்னைத் திட்டவில்லை. பேத்தி மட்டும், "அம்மாச்சி, இனிமே ரெண்டு மணி அலாரம் என் ரூம்லயும் வெக்கறேன்" என்றாள். திட்டியிருந்தால் பரவாயில்லை.

அன்று ராத்திரி கூண்டுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். அப்போதுதான் உங்கள் மாமாவின் நினைவு வந்தது. டியூஷனுக்கு வந்த பிள்ளைகளுக்கு அவரைத் தெரியும். திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டு, நீங்கள் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போனால் கூப்பிட்டுச் சொல்வாரே, அவர்தான்.

2007 மார்ச்சில் அவருக்குத் திருச்சியில் பித்தப்பை ஆபரேஷன். வயிற்றைத் திறந்து செய்தது. ஆபரேஷன் அன்று நான் இருந்தேன். தியேட்டர் வாசலில் நாலு மணி நேரம் நின்றேன். ரத்தம் வேண்டும் என்றதும் ஓடினேன், பணம் கட்ட ஓடினேன். மறுநாள் அவர் கண் விழித்து இரண்டு வார்த்தை பேசியதும் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிவிட்டேன். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு வந்துகொண்டிருந்தது. காலையில் சிறப்பு வகுப்பு, மாலையில் டெஸ்ட், ராத்திரி வீட்டில் டியூஷன். நாத்தனார் கரூரிலிருந்து வந்து பார்த்துக்கொண்டார். அந்த வருஷம் நம் பள்ளியில் அறிவியலில் எல்லோரும் பாஸ். ஆண்டு விழாவில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

அவர் நன்றாகவே தேறிவிட்டார். 2018-இல் அவர் போனதற்கும் அந்த ஆபரேஷனுக்கும் சம்பந்தம் இல்லை. ஒரு நாளும் குறை சொன்னதில்லை. ஆனால் இந்த நோட்டைப் பிரித்து, "இரவு 10 மணி, 6 மில்லி" என்று எழுதும்போது ஒன்று உறைத்தது. ஆபரேஷனுக்குப் பிறகு அந்தப் பத்து நாளில் அவர் என்ன சாப்பிட்டார் என்று எனக்குத் தெரியாது. ராத்திரி தூங்கினாரா, எங்கே வலித்தது, தையல் எப்படி ஆறியது, ஒன்றும் தெரியாது. நான் கேட்டிருப்பேன். "பரவாயில்லை, நீ போ" என்று சொல்லியிருப்பார். நானும் போயிருப்பேன். 720 கிராம் பிராணிக்கு 14 நாள் கணக்கு என் கையில் இருக்கிறது. 30 வருஷம் கூட வாழ்ந்த மனுஷனுக்கு ஒரு வரி இல்லை.

ஆபத்து என்றால் ஓடி வருவேன், அது என் சுபாவம். ஆபத்து தாண்டிவிட்டது என்று டாக்டர் சொன்னால் என் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுவேன். நான் பாடம் நடத்தினதும் அப்படித்தான், குடும்பம் நடத்தினதும் அப்படித்தான்.

மறுநாள் நாத்தனாருக்குப் போன் போட்டேன். 19 வருஷம் கழித்துக் கேட்டேன், "அண்ணி, அப்ப அவருக்கு என்ன செஞ்சு போட்டீங்க?" அவருக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. முதல் மூன்று நாள் கஞ்சித் தண்ணீர். அப்புறம் இட்லியை மோரில் ஊறவைத்து. ராத்திரியில் இருமினால் தையல் வலிக்கும் என்று தலையணையை வயிற்றில் அணைத்துக்கொள்வாராம். "உன் டியூஷன் சத்தம் கேட்டுக்கிட்டே தூங்கிடுவான்டி" என்றார். அதற்குமேல் என்னால் பேச முடியவில்லை. அதையும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

மிளகு ஆறாம் நாள் கிண்ணத்திலிருந்து தானே நக்கிச் சாப்பிட்டது. 12 மில்லி. பேத்தி அந்த வரிக்குப் பக்கத்தில் நட்சத்திரம் போட்டாள். ஒன்பதாம் நாள் கூண்டுக் கம்பியில் ஏறப் பார்த்தது, இறக்கிவிட்டேன். பத்தாம் நாள் பரிசோதனையில் தையல் சுத்தமாக ஆறியிருக்கிறது என்றார்கள். எடுத்த கட்டி புற்றுநோய் வகை இல்லை என்று ரிப்போர்ட் வந்தது. இரண்டு வாரம் முடிந்து தரையில் விட்டோம். நாலு காலும் ஒரே நேரத்தில் மேலே போக, முதுகை வில்லாக வளைத்து, பக்கவாட்டில் குதித்துக் குதித்து, "டுக் டுக்" என்று சத்தம் போட்டுக்கொண்டு வந்து சுவரில் மோதிக்கொண்டது. சந்தோஷம் வந்தால் ஃபெரெட் இப்படித்தான் ஆடுமாம். மாப்பிள்ளையின் சாக்ஸ் ஒன்றை அன்றே காணோம்.

இப்போது ஐந்தாவது வாரம். வாலில் பூனை முடி மாதிரி மெல்லிசாக வளர்ந்திருக்கிறது. சர்க்கரைக்கான மருந்து தொடர்கிறது, ஒருவேளை கடைசிவரைக்கும் இருக்கும். வலது சுரப்பியும் பிறகு ஒரு நாள் வீங்கலாம், அப்போது மருந்துக் குச்சி வைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். இவற்றின் ஆயுசே ஏழெட்டு வருஷம்தான். பேத்திக்கு அது தெரியும். நான் ஏப்ரலில் ஊருக்கு வருகிறேன். நோட்டை அவளிடம் கொடுத்துவிட்டு வருவேன்.

உங்களில் பலருக்கு இப்போது அப்பா அம்மாவுக்கு ஆபரேஷன் செய்து பார்த்துக்கொள்கிற வயசு. ஆபரேஷன் அன்று எல்லோரும் வருவார்கள், நீங்களும் ஓடுவீர்கள். அதற்கு அடுத்த பத்து நாளுக்கு ஒரு பத்து ரூபாய் நோட்டு வாங்குங்கள். என்ன சாப்பிட்டார்கள், எத்தனை மணிக்கு, மருந்து எப்போது, எங்கே வலித்தது என்று எழுதுங்கள். டாக்டருக்கு உதவும். உங்களுக்கும் பிற்பாடு உதவும். வாத்தியார் வேலையில் இருக்கிற பிள்ளைகளுக்கு மட்டும் தனியாக ஒன்று சொல்கிறேன்: மார்ச் மாதம் வருஷா வருஷம் வரும். பத்து நாள் லீவு போட்டால் பிள்ளைகள் ஃபெயிலாகிவிட மாட்டார்கள்.

நீளமாக எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மணி இரண்டாகப் போகிறது. இப்போதெல்லாம் ராத்திரிச் சாப்பாட்டைக் கிண்ணத்தில் வைத்தால் அதுவே சாப்பிட்டுக்கொள்கிறது. ஆனாலும் எழுந்து ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் படுப்பேன்.

அன்புடன்,
உங்கள் சயின்ஸ் டீச்சர்